மூடிய கையில் பட்டன் கத்தி

பெல்ட்டன், நியூஜெர்சி
1987 அக்டோபர் 19

மரியாதைக்குரிய மச்சான் ஹோபர்ட் அவர்களுக்கு,

லெனார்ட் எழுதுவது. நானும் உங்கள் தங்கை ரீவாவும் இங்கே சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. அதில் பாதிதான் உண்மை. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஆர்வில் மாமாவின் அடக்கத்துக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. நியூஜெர்சிக்குள் நுழைந்ததும் நெடுஞ்சாலையோரத்தில் மேசை போட்டிருந்த ஓய்விடத்தில் சற்று நேரம் வண்டியை நிறுத்தினோம். ரீவாவுக்குப் பசி. நீங்கள் வேகவைத்துக் கட்டிக் கொடுத்த பன்றித்தொடையைப் பிரிக்கலாம் என்றால், நீங்கள் போட்ட முடிச்சு கைக்கு அவிழவில்லை. அப்போதுதான் பையிலிருந்த கத்தி ஞாபகம் வந்தது. புறப்படும் அன்று காலை உங்கள் வீட்டு வாசலில் மூடிய கையோடு கத்தி மாற்றிக்கொண்டோமே, அது. கைக்குள் என்ன இருக்கிறதென்று காட்டாமல் மாற்ற வேண்டும், வாங்கினவன் அங்கேயே விரித்துப் பார்த்தால் அற்பன், அப்படியே பையில் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதானே உங்கள் ஊர் ஒழுங்கு? நான் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவன். இங்கே வந்துதான் முதன்முதலாக வெளியே எடுத்தேன். விரல் எதிலோ பட்டது. டக்கென்று அலகு பாய்ந்து வெளியே வந்துவிட்டது. அடுத்த மேசையில் காபி குடித்துக்கொண்டிருந்தவன் போலீஸ்காரன்.

பட்டன் கத்தி வைத்திருப்பது இந்த மாநிலத்தில் குற்றமாம். தகுந்த காரணம் சொன்னால் தப்பலாமாம். கைரேகை எடுத்தார்கள். வழக்கு முடியும்வரை நான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸைத் தொடக்கூடாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். டெப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

நான் பார்க்காமலே பையில் போட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரீவா உங்களை விசாரிக்கச் சொன்னாள்.

பணிவுள்ள,
லெனார்ட் பாவ்லிக்


டங்கர் ஃபோர்க், கென்டக்கி
1987 நவம்பர் 2

மாட்சிமை பொருந்திய மாப்பிள்ளை அவர்கள் சமூகத்துக்கு,

மலைக்காட்டிலிருந்து ஹோபர்ட் ஸ்டாம்பர். முழங்கால் இரண்டும் இருந்த இடத்தில் இருக்கின்றன. ரீவா மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறாள் என்று போன வருஷம் எழுதியிருந்தீர்கள். அடக்கத்துக்கு வந்தபோது நானே பார்த்தேன். இப்போது எப்படி இருக்கிறாள் என்று எழுதவில்லை. எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கோர்ட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். கூட்டம் பிரமாதமாக ரசித்தது. எங்கள் ஊரில் அந்தக் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு நீங்கள் தேவாலயத்திலேயே உட்காரலாம். போதகர் இரவல் வாங்கி ஆப்பிள் சீவிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். மேற்கு வர்ஜீனியாவில் அதையே வெளியே தெரியாமல் வைத்தால் தப்பு. பென்சில்வேனியாவில் வைத்திருந்தாலே தப்பு. உங்கள் நியூஜெர்சியில் எதற்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லத் தெரியாவிட்டால் தப்பு. காலையில் நல்ல மனிதராகப் புறப்பட்டவர் சாயங்காலத்துக்குள் எத்தனை விதமான அயோக்கியராகிவிட்டார், பாருங்கள். கத்தி மாறவில்லை. கால்சட்டை மாறவில்லை. சாலையோரத்தில் நட்டிருக்கும் பெயர்ப்பலகைதான் மாறிக்கொண்டே வந்தது. படித்த மாநிலம் என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கு ஒரு பன்றித்தொடையின் கயிற்றை அறுப்பது தகுந்த காரணமாகத் தெரியவில்லை என்றால், அந்தப் படிப்பை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

உங்கள் விரல் எதிலோ பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். விரல்கள் அப்படித்தான்.

தங்கைக்கு என் அன்பு.
ஹோபர்ட்


பெல்ட்டன்
1987 நவம்பர் 14

மச்சான் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. உங்கள் நகைச்சுவை குறையவில்லை, சந்தோஷம். ரீவாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டதாம். மார்ச் மாதம் அறுவைச் சிகிச்சை. என் வேலையோடு வரும் மருத்துவக் காப்பீட்டில்தான் செய்ய முடியும். குற்றவாளி என்று தீர்ப்பானால் அன்றைக்கே வேலை போய்விடும், காப்பீடும் அதோடு போய்விடும்.

வக்கீல் ஒரு வழி சொல்கிறார். நீங்கள் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கத்தியைக் கொடுத்தது நீங்கள். அது என்ன வகை என்று என்னிடம் சொல்லவில்லை. உங்கள் ஊர் வழக்கப்படி நான் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டேன். இந்த மூன்று வாக்கியம் போதும். அரசு வக்கீல் வழக்கை விட்டுவிடுவார் என்கிறார்.

உங்கள் பெஞ்சு நண்பர்களுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம். அவர்களுக்கு வாய் பெரிசு.

விரைவில் எதிர்பார்க்கும்,
லெனார்ட்


டங்கர் ஃபோர்க்
1987 டிசம்பர் 6

மாப்பிள்ளை அவர்களுக்கு,

குளிர் வந்துவிட்டது. பன்றி அடித்தாயிற்று. நான் திடமாக இருக்கிறேன். ரீவாவைக் கனமாக எதையும் தூக்க விடாதீர்கள். துணி துவைப்பதை நீங்கள் செய்தால் கை தேய்ந்துவிடாது.

உங்கள் மூன்று வாக்கியங்களைப் படித்தேன். முதல் வாக்கியத்துக்கு இப்போதே கையெழுத்துப் போடுவேன். கத்தியைக் கொடுத்தது நான்தான். மற்ற இரண்டைப் பற்றி யோசிக்க வேண்டும். இங்கே நோட்டரி என்றால் வங்கியில் உட்கார்ந்திருக்கும் யூனா. பைபிளை நீட்டி, கையை வை என்பாள். உங்கள் பக்கம் சத்தியம் பண்ணுவது எச்சில் துப்புகிற மாதிரி சுலபமாக இருக்கலாம். எனக்கு அது இன்னும் பழக்கமாகவில்லை.

பெஞ்சில் உங்களைப் பற்றி விசாரித்தார்கள். பஸ் கழுவுகிறார் என்றேன். பொருத்தமான வேலை என்றார்கள்.

ஹோபர்ட்


பெல்ட்டன்
1987 டிசம்பர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

ரீவா எழுதுவது. உன் உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். என்னுடையது எப்படி என்று லெனார்ட் எழுதியிருப்பார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறேன்.

நீ போனை வெட்டிவிட்டு உட்கார்ந்திருப்பதால் இதைக்கூட எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது. ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட உனக்கு என்ன அண்ணா யோசனை? பெஞ்சில் உட்கார்ந்து தேவதாருக் கட்டையைக் காலையிலிருந்து இருட்டும்வரை சீவிச் சீவி ஒன்றுமில்லாமல் ஆக்குகிற கூட்டம் நீங்கள். அந்தக் கூட்டத்து விளையாட்டை நம்பி, உங்கள் ஒழுங்குப்படி நடந்த ஒரு வெளியூர்க்காரர் இன்று வழக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். உங்கள் சட்டத்தில் அதற்கு என்ன பெயர்? ஊரார் சட்டத்தையெல்லாம் கிண்டல் பண்ணுகிறாயே, அதைத்தான் கேட்கிறேன்.

பத்திரத்தை அனுப்பு. கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்.

உன் தங்கை
ரீவா


டங்கர் ஃபோர்க்
1988 ஜனவரி 3

ரீவாவுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதத்தைப் படித்து மனசு கெட்டுப்போயிற்று. ஆப்பிளைக் கூழாகக் காய்ச்சி, ஆப்பிள் வெண்ணெய் இரண்டு ஜாடி அனுப்பியிருக்கிறேன். சர்க்கரை குறைவாகத்தான் போட்டேன். உப்புப் போட்ட இறைச்சியைத் தொடாதே.

பட்டன் கத்தியைக் கொடுத்தது நான்தான். அதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். மிச்சத்தை உன் புருஷனிடம் கேள். நான் எழுதினால் நன்றாக இருக்காது.

ஹோபர்ட்


பெல்ட்டன்
1988 ஜனவரி 15

அண்ணா,

கேட்டேன். எதிரில் உட்கார வைத்துத்தான் கேட்டேன். தன் அம்மாவின் மேல் ஆணையாக நியூஜெர்சி வரும்வரை அந்தக் கத்தியைக் கண்ணால் பார்க்கவில்லை என்றார். அழுதார் அண்ணா. பள்ளிப் பிள்ளைகள் அவரைத் தேடுகிறார்களாம், புது டிரைவரிடம் கேட்கிறார்களாம். என்னால் அந்த அழுகையைப் பார்க்க முடியவில்லை.

நீயோ, நன்றாக இருக்காது என்று ஒரு வார்த்தையை வீசிவிட்டு ஒளிந்துகொள்கிறாய். எனக்கு இப்போது எல்லாம் விளங்குகிறது. நான் மலையை விட்டு வந்து இவரைக் கட்டிக்கொண்டதை நீ ஒருநாளும் மன்னிக்கவில்லை. இவர் எங்கே போகிறார், அங்கே அந்தக் கத்திக்கு என்ன பெயர் என்று தெரிந்துதான் கொடுத்தாய். மாட்டிக்கொள்ளட்டும் என்றே கொடுத்தாய். மாட்டிக்கொண்டார். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிறாய்.

அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள், மார்ச் 8. வழக்கு பிப்ரவரி கடைசியில். பத்திரம் வராவிட்டால் இரண்டும் என்னவாகும் என்று உனக்கே தெரியும். உன்னிடம் வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

ரீவா

ஆப்பிள் வெண்ணெயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.


டங்கர் ஃபோர்க்
1988 ஜனவரி 27

லெனார்டுக்கு,

இதை டெப்போ விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோகாதே. படித்ததும் கிழித்துவிடு. நீங்கள், அவர்கள் என்றெல்லாம் இனி எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்று காலை என் வீட்டு வாசலில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. இருந்தாலும் எழுதுகிறேன். ரீவா உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கையை மாற்றினோம். நான் திரும்பக்கூட இல்லை, நீ முஷ்டியை விரித்துப் பார்த்துவிட்டாய். எங்கள் ஊரில் எட்டு வயசுப் பையன்கூட அப்படிச் செய்ய மாட்டான். சரி, வெளியூர்க்காரன் என்று விட்டேன். நீ பட்டனைக் கண்டுபிடித்தாய். அமுக்கினாய், மடக்கினாய், மறுபடி அமுக்கினாய். வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் டக்டக்கென்று நடந்தாய். விளையாட்டாகக் கொடுத்த எனக்கே பயம் வந்துவிட்டது.

நான் சொன்னேன்: "மாப்ள, இத உங்க ஊருக்குக் கொண்டுபோகாதீங்க. அங்க இதுக்கு உள்ள புடிச்சுப் போட்டுருவான். குடுங்க, நான் சாதாரணப் பேனாக்கத்தி ஒண்ணு தர்றேன்."

நீ சொன்னது: "மாத்தினது மாத்தினதுதான் மச்சான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவன் பையில எந்தப் போலீஸ்காரன் கைய விடப்போறான்?"

இப்போது என்னைப் பைபிள்மேல் கை வைத்து, நான் சொல்லவில்லை, நீ பார்க்கவில்லை என்று சொல்லச் சொல்கிறாய். நீ பொய் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. மாட்டிக்கொண்டவன் எவனும் அதைத்தான் செய்வான். ஆனால் நெஞ்சில் வால்வு சுருங்கிக் கிடப்பவளை எதிரில் உட்கார வைத்து, செத்துப்போன அம்மாவை இழுத்து ஆணையிட்டு, அதற்குமேல் அழுதும் காட்டினாயாமே.

அவளிடம் உண்மையை எழுதலாம் என்று காகிதத்தை எடுத்தேன். எழுதினால் நம்பினாலும் நம்புவாள். நம்பினால் உன்னைப் பற்றிய அந்த நினைப்போடுதான் அறுவை மேசையில் போய்ப் படுப்பாள். கண் விழித்தால் எதிரில் நிற்கப்போகிறவனும் நீதான். அதனால் எழுதவில்லை.

பத்திரம் தருகிறேன். உனக்காக இல்லை. ஒரே நிபந்தனை. அறுவை முடிந்து அவள் எழுந்து நடமாடியதும் நடந்ததை நீயே உன் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். சொல்வாயா மாட்டாயா என்று எழுது.

ஹோபர்ட்


பெல்ட்டன்
1988 பிப்ரவரி 4

மச்சான் அவர்களுக்கு,

சொல்கிறேன். சத்தியம். நேரம் இல்லை, பத்திரத்தை உடனே வக்கீல் விலாசத்துக்கு அனுப்புங்கள். அந்த மூன்று வாக்கியத்தோடு, நான் நியூஜெர்சிக்குத்தான் போகிறேன், அங்கே அது குற்றம் என்று தெரிந்தும் நீங்கள் சொல்லவில்லை என்று ஒரு வரி இருந்தால் இன்னும் பலம் என்கிறார் வக்கீல்.

நலம். நலமறிய ஆவல்.
லெனார்ட்


பெல்ட்டன்
1988 ஏப்ரல் 17

ஹோபர்ட் ஸ்டாம்பருக்கு,

வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அறுவையும் நடந்தது. லெனார்ட் மறுபடி பஸ் ஓட்டுகிறார்.

உன் பத்திரத்தை வக்கீல் எனக்குக் காட்டினார். நோட்டரி முத்திரையோடு, உன் கையெழுத்தோடு படித்தேன். 'அவர் நியூஜெர்சிக்குப் போகிறார் என்றும், அங்கே அது குற்றம் என்றும் தெரிந்தே, சொல்லாமல் கொடுத்தேன்.' ஜனவரியில் கோபத்தில் உனக்கு அப்படி எழுதிவிட்டு, அண்ணனை அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோமோ என்று பல நாள் தூங்காமல் கிடந்தேன். முட்டாள் நான். நீயே சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்துவிட்டாய்.

லெனார்ட் தங்கமானவர். உன் அண்ணனை மன்னித்துவிடு, வயசானவன் என்கிறார். எனக்கு அந்தப் பெரிய மனசு இல்லை. மார்பில் போட்ட தையல் இழுக்கும்போதெல்லாம் உன் முகம்தான் வருகிறது. உன் விளையாட்டால் இந்தத் தையலே எனக்குக் கிடைக்காமல் போயிருக்கும்.

இனி எழுதாதே. எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். உன் அடக்கத்துக்கும் நான் வர மாட்டேன், வேறு யாரையாவது சொல்லி வைத்துக்கொள்.

ரீவா பாவ்லிக்


பெல்ட்டன்
1988 மே 9

அன்பும் மரியாதையும் கலந்த மச்சானுக்கு,

இங்கே வசந்தம் அமோகமாக இருக்கிறது. பிள்ளைகள் எனக்கு ஒரு பெரிய அட்டையில் எல்லோரும் பெயர் எழுதிக் கொடுத்தார்கள். புது பஸ் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் உதவியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

நாம் பேசிக்கொண்ட விஷயம் என் மனசில் இருக்கிறது. சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவள் இப்போதுதான் தேறி வருகிறாள், அதிர்ச்சி தரும் எதையும் சொல்ல வேண்டாம் என்கிறார் டாக்டர். அதுவுமில்லாமல், இப்போது அவள் மனசு ஒரு மாதிரி அமைதியாகிவிட்டது. அதைப் போய் ஏன் கலைக்க வேண்டும்? நீங்கள் பெரியவர், தாங்கிக்கொள்வீர்கள். காலம் எல்லாவற்றையும் சரியாக்கிவிடும்.

வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். டெப்போவுக்கு எழுதினால் எனக்குக் கிடைக்கும். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்றும் நன்றியுள்ள,
லெனார்ட்


டங்கர் ஃபோர்க்
1988 மே 23

லெனார்டுக்கு,

நீ சொல்ல மாட்டாய் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதே தெரியும். யூனா பைபிளை நீட்டினாள், கையை வைத்தேன். அன்று சாயங்காலத்துக்குள் பத்திரத்தில் இருந்தது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கூடப்பிறந்தவளின் புருஷனையே தெரிந்தே மாட்டிவிட்டவன் என்று ஆகிவிட்டது. பெஞ்சில் எனக்கு இடம் விடுகிறார்கள். பேசுகிறார்கள். கத்தி மாற்ற என் பக்கம் மட்டும் யாரும் கையை நீட்டுவதில்லை. இவனோடு நம்பிக் கத்தி மாற்றலாம் என்பது ஒன்றுதான் எனக்கு இந்த ஊரில் இருந்த பெயர். அதைப் பெயர்த்து எடுத்து, உன் மாதிரி ஒருவன் பஸ் ஓட்டுவதற்குக் கொடுத்தேன்.

ஒரு கடிதம் போட்டால் போதும், நீ தங்கமானவன் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறவள் இல்லை, எனக்குத் தெரியும், பிரித்துப் படித்துவிட்டுத்தான் ஒட்டி அனுப்புவாள். நான் போட மாட்டேன் என்று கணக்குப் பண்ணித்தான் நீ புது பஸ்ஸில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாய். உன் கணக்கு சரி. அவள் வெறுப்பதற்கு ஒருவர் போதும். அது தூரத்தில் இருக்கிற நானாகவே இருக்கட்டும். கூட இருக்கிறவனை வெறுத்துக்கொண்டு அந்த இதயத்தோடு அவள் எப்படிக் காலம் தள்ளுவாள்?

நன்றி, மரியாதை, முழங்கால், வசந்தம் எதையும் இனி எனக்கு எழுதாதே. மாதம் ஒரு தபால் அட்டை போடு. அவள் படுத்துத் தூங்குகிறாளா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, அதை மட்டும் எழுது. கீழே உன் பெயரைப் போடாதே. வேறு யாரோ எழுதியதாக நினைத்துப் படித்துக்கொள்கிறேன்.

ஹோபர்ட் ஸ்டாம்பர்